தகரத்துக்குக் கீழே ஒரு கம்பளி: வீடு கட்டித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் வீட்டுத் திட்டங்களை வரைகிற, மதிப்பீடு போடுகிற, கையெழுத்து வைக்கிற பொறியியலாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும், வீடு கட்டிக் கொடுக்கிற தொண்டு நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

நான் பாலையூற்றைச் சேர்ந்தவன். இங்கிலாந்தின் வடக்கே பதினொரு வருடம் கூரை வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அங்கே என் வேலையில் ஒரு பெரிய பங்கு, வீட்டுக் கூரைக்கு உள்ளே செம்மறியாட்டுக் கம்பளி விரிப்பது. போர்த்திக்கொள்ளும் கம்பளி இல்லை. ஆட்டிலிருந்து கத்தரித்த ரோமத்தைக் கழுவி, சீவி, மெத்தை போலச் சுருட்டி விற்பார்கள். அதைச் சீலிங்குக்கு மேலே மரங்களுக்கு இடையில் பரப்பிவிட்டால் குளிர் காலத்தில் வீட்டின் சூடு கூரை வழியாக வெளியே போகாது. இந்த மடலில் நான் கேட்கப்போவது அந்த வேலையோடு தொடர்புடையது. ஆனால் அதற்கு முன்னால் சம்பூரில் இருக்கும் என் அக்காவின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவின் குடும்பம் 2006 இல் போருக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடியது. அப்புறம் கிளிவெட்டியில் வருடக்கணக்காகத் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். 2015 க்குப் பிறகு காணி திரும்பக் கிடைத்தது, வீடும் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி. சுவர் நல்ல சுவர். நிலம் நல்ல சீமெந்து நிலம். கதவுக்கும் ஜன்னலுக்கும் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுக்காக அக்கா இன்றைக்கும் நன்றியோடுதான் பேசுகிறா. நானும் அப்படித்தான். ஆனால் கூரை வெறும் தகரம். கைமரம், சிலாகை, அதன் மேலே தகரம், அவ்வளவுதான். கீழே ஒன்றுமில்லை.

நான் திரும்பி வந்த வருடம் ஆவணி மாதம், பகல் ஒரு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவருமில்லை. கதவு திறந்து கிடக்க, எல்லாரும் பின்வளவு வேப்ப மரத்தடியில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். பேரப்பிள்ளைக்கு வேப்பங்கிளையில் ஏணை கட்டியிருந்தது. "உள்ளுக்குப் போகாத தம்பி, தலை வெடிச்சிரும்" என்று அக்கா சொன்னா. போய்ப் பார்த்தேன். அறையில் உரப்பைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, தகரத்துக்குக் கீழே கம்பியில் இழுத்துக் கட்டியிருந்தா. இருபது பையாவது இருக்கும். கையைத் தூக்கி அந்தப் பைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அடுப்புக்கு மேலே கை காட்டினது போல இருந்தது. ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. உடனே தகரம் சுருங்கி டக், டக் என்று மூலைக்கு மூலை சத்தம் போட்டது. மேகம் போனதும் திரும்பவும் அதே சத்தம்.

அந்த உரப்பைச் சீலிங்கை நான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கூரைக்குக் கீழே இன்னொரு படை வேண்டும் என்று அக்காவுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. திட்டப் படத்தில் விட்டுப்போன ஒரு கோட்டை ஊசியும் நூலும் எடுத்து அவவே போட்டிருக்கிறா. உங்களில் எத்தனை பேர் கையளிப்பு விழா முடிந்து ஒரு வருடம் கழித்து அந்த வீடுகளுக்குள்ளே நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. பார்த்தால் ஈச்சிலம்பற்றிலும் குச்சவெளியிலும் இதே தையல் உங்களுக்குக் கண்ணில் படும்.

சரி, கம்பளிக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் கம்பளி குளிருக்கு, நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சூடு எந்தப் பக்கம் போகிறது என்பது அந்தப் படைக்குத் தெரியாது. அங்கே உள்ளிருந்து வெளியே போகும் சூட்டைத் தாமதிக்கிறது. இங்கே மேலிருந்து கீழே வரும் சூட்டைத் தாமதிக்கும். வேலை ஒன்றுதான். கம்பளி இழை ஒவ்வொன்றும் சுருள் சுருளாக வளைந்திருக்கும். அந்தச் சுருள்களுக்கு நடுவே காற்று அசையாமல் அடைபட்டுக் கிடக்கும். சூட்டைத் தடுப்பது உண்மையில் அந்த அசையாத காற்று. உங்கள் படிப்பில் வரும் கணக்கில் சொன்னால், கம்பளியின் வெப்பக் கடத்துதிறன் 0.035 முதல் 0.04 வரை. உருக்குக்கு அது 50 அளவில் இருக்கிறது. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். கண்ணாடி இழைப் பஞ்சும் ஏறக்குறைய கம்பளியின் அளவுதான். ஆனால் அதைத் தொட்டவன் இரவு முழுக்கச் சொறிவான். முகமூடியும் கையுறையும் இல்லாமல் கிட்டப் போக முடியாது. கம்பளியை நான் வெறுங்கையால் பிய்த்து விரித்திருக்கிறேன். அதிலே மிஞ்சியிருக்கும் ஆட்டுக் கொழுப்பு பட்டுப் பட்டு உள்ளங்கை மெதுமெதுவென்று ஆகிவிடும்.

கம்பளியிடம் நான் கண்ட இன்னொரு குணம் ஈரத்தை அது கையாளும் விதம். தன் எடையில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; தொட்டால் ஈரம் தெரியாது. வெளியே காய்ந்ததும் மெல்ல விட்டுவிடும். மழைக்கால விடியற்காலையில் நம் தகரத்தின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து, படுத்திருப்பவர் முகத்தில் சொட்டுவது தெரியும்தானே? அப்படிச் சொட்டுகிற இடத்தில் இதன் அருமை விளங்கும். நெருப்பிலும் அது பிடிவாதக்காரன். 570 பாகை செல்சியஸ் தாண்டினால்தான் பற்றும்; பற்றினாலும் நெருப்பை எடுத்துவிட்டால் கருகி அணைந்துவிடும்.

இதையெல்லாம் விட என் மனதில் தங்கியது வேறொன்று. அந்த ரோமம் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத ரோமம். கம்பிரியா மலைப் பக்கத்தில் ஹெர்ட்விக் என்று ஓர் ஆட்டினம் உண்டு. அதன் ரோமம் சாம்பல் நிறம், முரடு, உடுப்புக்கு ஆகாது. 2020 இல் கொரோனாவோடு கம்பளி விலை விழுந்தபோது, ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற கூலிக்கே அந்த ரோமத்தின் விலை காணவில்லை. எரித்த விவசாயிகள் உண்டு. உரக்குழியில் கொட்டியவர்கள் உண்டு. அப்படி எறிகிற சாமானைத்தான் கூரைக்குள் வைத்து ஒரு தொழிலாக ஆக்கியிருந்தார்கள். அந்த வேலை செய்த வருடங்களில் கிழமைக்கு ஒரு தடவையாவது எனக்கு ஊர் ஞாபகம் வரும். நாங்கள் எதை எறிகிறோம், எதை எரிக்கிறோம் என்று யோசிப்பேன்.

ஆகவே கம்பளியை இறக்குமதி செய்யுங்கள் என்று நான் எழுதவில்லை. நம் நாட்டு வடக்கில் இருக்கும் யாழ்ப்பாணச் செம்மறி வெயிலுக்குப் பழகிய ஆடு. அதன் உடம்பில் இருப்பது கட்டையான மயிர், கம்பளிக்கு ஆகாது. நீலகிரி மலையில் நல்ல மெல்லிய கம்பளி தரும் ஆடு இருக்கிறது, அது குளிர்நாட்டு ஆடு. கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் நாம் ஆட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் பயனில்லை. கம்பளி செய்கிற வேலையைச் செய்ய நம்மிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் என் வேண்டுகோள்.

எங்கள் அப்பாவின் வீடு கிடுகு வீடு. பிள்ளைப் பருவத்தில் பகல் நித்திரைக்கு அந்த வீட்டைப் போல ஒரு இடம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. கிடுகுக்கு மேல் கிடுகாக அடுக்கும்போது ஓலைக்கும் ஓலைக்கும் நடுவில் நிற்கும் காற்று, கம்பளிச் சுருளில் நிற்கும் அதே காற்றுதான். இதை நான் கம்பிரியாவில் ஒரு கூரைக்குள் முழங்காலில் நின்று கம்பளி விரிக்கும்போதுதான் விளங்கிக்கொண்டேன். கிடுகுக்குத் திரும்பிப் போகச் சொல்ல மாட்டேன். வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும், நெருப்புப் பயம், காற்றுக்கும் நிற்காது. 1964 புயலில் கூரையில்லாமல் இரவு முழுக்க நின்றதை அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. தகரம் வந்ததற்குக் காரணம் உண்டு. தகரம் மழையை மறிக்கும், வெயிலை அப்படியே உள்ளே தரும். இரண்டாவது வேலைக்கு இரண்டாவது படை வேண்டும்.

அந்தப் படைக்கு எனக்குத் தெரிந்து இங்கே முதலில் நிற்பது தென்னந்தும்பு. பொச்சு மட்டையிலிருந்து எடுக்கிற அதே தும்பு. முறுக்கானது, அமுக்கினால் திரும்ப எழும்பும். அதனால்தானே மெத்தைக்குப் போகிறது. கடத்துதிறனில் கம்பளியைவிடக் கொஞ்சம் பின்னால் நிற்கும், பெரிய தூரமில்லை. அதன் குறை நெருப்பு. தும்பு பற்றும். மேலை நாடுகளில் பழைய கடதாசியை அரைத்துக் கூரைக்குள் நிரப்பும்போது போரன் உப்புக் கலப்பார்கள். அது நெருப்பையும் பூச்சியையும் சேர்த்து அடக்கும். அந்த உப்பில் ஒன்று நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற வெண்காரம். கம்பளிக்கும் இதே மருந்துதான் போடுகிறார்கள். மருந்து போடாமல் வைத்த ஒரு வீட்டில் அந்துப்பூச்சி வந்து, கூரைக்குள் போட்ட அத்தனை கம்பளியையும் மூட்டை மூட்டையாக நாங்கள் இறக்கி எடுத்தோம். அலமாரியில் இருந்த உடுப்பு வரைக்கும் துளை விழுந்திருந்தது. இயற்கைப் பொருள் என்றால் சும்மா வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த வீட்டைக் காட்ட வேண்டும். நான் அதை மறக்கவில்லை.

உமி இன்னொன்று. கந்தளாய்ப் பக்கம் நெல் குற்றுகிற ஆலைகளுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும், புகைந்துகொண்டிருக்கும். உமியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருப்பது. அதனால் இலகுவில் உக்காது, சட்டென்று சுவாலை விட்டு எரியாமல் புகைந்துதான் எரியும். ஆனால் பாரம் பார்க்க வேண்டும். பத்துக்குப் பத்து அறைக்கு நாலு அங்குலம் நிரப்பினால் நூறு கிலோ அளவில் வரும். அதைத் தாங்கிற சீலிங் சட்டம் முதலிலேயே படத்தில் இருக்க வேண்டும். பிறகு சேர்க்க நினைத்தால் ஒருநாள் தலையில் விழும். மற்றபடி, இலவம்பஞ்சு பக்கம் யாரும் போகவேண்டாம், ஒரு நெருப்புப் பொறி போதும். வைக்கோல் எலிக்கும் ஈரத்துக்கும்.

எழுதிவிட்டு இருக்காமல் ஒரு அறையில் செய்து பார்த்தேன். அக்காவின் வீட்டில் கிழக்குப் பக்க அறை. இரண்டு அங்குலத் தடிப்பில் தும்பு விரிப்பு வாங்கி, வெண்காரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, மூன்று நாள் வெயிலில் காயப்போட்டேன். கைமரத்துக்குக் கீழே பனஞ்சிலாகை அடித்து, அதன் மேல் விரிப்பு. கண்ணுக்குத் தெரிகிற அடிப்பக்கத்துக்கு, வேறென்ன, அக்காவின் அதே உரப்பைகள். கழுவித் தைத்து இழுத்துக் கட்டினோம். தகரத்துக்கும் தும்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டேன். கோப்பிசச் சுவரில், அதாவது கூரைக்குக் கீழே முக்கோணமாக எழும்பி நிற்கிற சுவரில், இரண்டு பக்கமும் கல் பெயர்த்துத் துளை வைத்தேன், தகரத்தின் கீழ் சூடாகிற காற்று அந்த வழியால் போகட்டும் என்று. துளைக்குக் கம்பிவலை அடிக்க மறந்துபோனேன். ஒரு மாதத்தில் எலி வந்து ஒரு மூலையைக் கிழித்துக் கூடு கட்டிவிட்டது. அந்தத் துண்டை எடுத்து மாற்றி, வலை அடித்தேன். அதன்பிறகு தொல்லையில்லை.

முடிந்த அடுத்த நாள் அக்காவின் மகள் ஒரு பரிசோதனை செய்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது போல இரண்டு பீங்கான் தட்டில் ஒரே அளவு மாஜரீன் வைத்தாள். ஒன்று இந்த அறையில் அலமாரிக்கு மேலே, மற்றது பக்கத்து அறையில் அதே உயரத்தில். பகல் பன்னிரண்டு மணிக்கு வைத்து இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தோம். பக்கத்து அறைத் தட்டில் மஞ்சள் எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கு அறைத் தட்டில் அது தொய்ந்திருந்தது, விளிம்பு வட்டம் அப்படியே இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போய்ப் பாயை எடுத்து வந்து அந்த அறையில் போட்டுப் படுத்துவிட்டா.

இது குளிரூட்டி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே 37 பாகை என்றால் உள்ளே 27 ஆகாது. தகரம் தலைமேல் நெருப்பு வார்ப்பது நின்றுபோகும்; மரத்தடியில் இருப்பதற்குக் கிட்ட வரும். பின்னேரம் வெயில் விழுந்ததும் ஜன்னலைத் திறந்து காற்று விட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கிற புழுக்கம் அங்கேயே நிற்கும். ஆனால் மின்விசிறி பகல் முழுக்க ஓடத் தேவையில்லை. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் அதன்மேல் 66 சதவீதமும் ஏறினபோது, சம்பூரில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓலை விசிறியை எடுத்த வீடுகளை நான் அறிவேன். அந்த வீடுகளில் கிடையில் கிடக்கிற வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குழந்தை பெற்றுப் பத்து நாளான பெண்ணை வாடைக்குப் பயந்து உள்ளேயே வைத்திருப்பார்கள்; கச்சான் காலத்திலும் வழக்கத்துக்காக அப்படித்தான் வைத்திருப்பார்கள். இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்களில் ஒருவரிடம் இதைப் பற்றி நேரில் பேசினேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான். "சீலிங் எல்லாம் சொகுசு ஐயா, பயனாளி பிறகு தன் காசில் போட்டுக்கொள்வார்" என்றார். எந்தக் காசில்? சிறு மீன்பிடிக்கும் கூலி வயலுக்கும் போகிறவர் கையில் வருகிற காசு முதலில் பிள்ளையின் படிப்புக்குப் போகும், பிறகு கிணற்றுக்கு, பிறகு கக்கூஸ் கதவுக்கு. கூரைக்கு அடியில் இருக்கிற படை எப்போதும் கடைசியாகத்தான் நிற்கும். அதனால்தான் அது முதல் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். நிலத்துக்குச் சீமெந்துப் பூச்சு சொகுசு என்று யாரும் இப்போது சொல்வதில்லையே.

அஸ்பெஸ்டோஸ் சீற்றுக்குப் போவது இதற்கு மாற்றாகாது. தகரத்தைவிடக் கொஞ்சம் சூடு குறைவு என்று அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் தூசு புற்றுநோய் தரும் என்பது உலகம் ஒத்துக்கொண்ட விஷயம். நம் அரசாங்கமே 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லியிருந்தது. 2017 டிசம்பரில், நமக்கு அஸ்பெஸ்டோஸ் விற்கிற ரஷ்யா, தேயிலையில் வண்டு இருந்ததென்று நம் தேயிலையை நிறுத்தியதும் அந்த முடிவு கைவிடப்பட்டது. தேயிலைக்காக விட்டுக்கொடுத்ததைத் திருகோணமலை வீட்டுத் திட்டங்களும் தலையில் சுமக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அந்தச் சீற் உள்ள வீட்டில் அதைத் துளைக்காமல், அறுக்காமல், கீழே தனிச் சட்டம் நிறுத்தி இந்தப் படையைப் போடலாம்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த திட்டத்துக்கு நீங்கள் வரையும் கூரையின் குறுக்குவெட்டுப் படத்தில், தகரத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு இன்னொரு கோடு போடுங்கள். அதை மதிப்பீட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். முழுத் திட்டத்துக்கும் பணம் காணாது என்றால் படுக்கிற அறை ஒன்றுக்காவது. கோப்பிசச் சுவரில் துளையும் வலையும் கட்டாயம் இருக்கட்டும். அதற்குச் செலவு மிகக் குறைவு. தும்பு சிறந்ததா, உமி சிறந்ததா என்பதை நானும் நீங்களும் வாய்ச்சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஒரே வரிசையில் மூன்று வீட்டை எடுத்து, ஒன்றில் தும்பு, ஒன்றில் உமி, ஒன்றை வெறும் தகரமாக விட்டு, ஒரு வருடம் வெப்பமானி வைத்துப் பாருங்கள். தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளையும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துப் பிள்ளைகளையும் அழைத்தால் ஆசையோடு வந்து அளப்பார்கள். அளவு முடிந்ததும் மூன்றாவது வீட்டுக்கும் படை போட்டுக் கொடுத்துவிட வேண்டும், அதையும் முதலிலேயே எழுதி வையுங்கள்.

தும்பை விரிப்பாகத் தட்டுவது, வெண்காரம் ஊட்டுவது, காயவைப்பது எல்லாம் பெண்கள் சங்கங்கள் செய்யக்கூடிய வேலை. முறையை எந்தச் சங்கத்துக்கும் நான் இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு நாள் போதும். கை வலிக்கிற வேலையில்லை, தண்ணீரும் வெயிலும்தான் வேண்டும்.

கச்சான் இன்னும் சில கிழமையில் எழும்பிவிடும். அதற்குள் பதில் எழுத உங்களுக்கு நேரம் கிடைக்காமல் போகலாம். அப்படியென்றால் ஒரு பகல் சம்பூருக்கு வாருங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு மணிக்கு வர வேண்டும், விடிய வரக்கூடாது. முதலில் மேற்கு அறையில் கால் மணி நேரம் இருங்கள். பிறகு கிழக்கு அறை. அக்கா இளநீர் வெட்டி வைத்திருப்பா. வெட்டிய கோம்பையை எறிய விடமாட்டா, அது இப்போது தும்புக்குப் போகிறது.

இப்படிக்கு,
கூரை வேலை செய்கிற ஒருவன்,
பாலையூற்று, திருகோணமலை.